சம்பந்தியின் வண்டிக்கு முன்னால்

மூத்தவனும் நீ, கடைக்குட்டியும் நீ என்று ஒற்றையாகப் பிறந்த என் மகனுக்கு,

சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக் காலை நான் நம் மகளிர் கல்லூரியின் கேட்டுக்கு முன்னால் ரோட்டில் உட்காரப் போகிறேன். அந்தக் கேட்டுக்குள் போக வரப்போகிற வண்டி உன் வருங்கால மாமனாருடையது. ஆவணியில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் புத்தி கெட்டுவிட்டதா என்று கேட்பாய். கேள். விடிந்ததிலிருந்து நானும் என்னை அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அரிசியைக் களைந்து வைத்துவிட்டு, களைந்ததை மறந்து திரும்பவும் களைந்தேன். மாடிக்கும் கீழே துணிக்கடைக்குமாக எத்தனை தடவை ஏறி இறங்கினேனோ தெரியாது. இடுப்பில் கட்டச் சாரம் கேட்டு வந்த ஆளுக்குத் தலை துவட்டுகிற துவாயை விரித்துக் காட்டிக்கொண்டு நின்றேன். அப்பா கல்லாவில் இருந்தபடியே, "ஒரு எடத்துல இரேன், ஒன்னயப் பார்த்து எனக்குத் தல சுத்துது" என்றார். அதனால்தான் மேலே வந்து இதை எழுத உட்கார்ந்தேன். எழுதினால் நடுவில் நீ குறுக்கே பேச முடியாது, அதுவும் ஒரு காரணம்.

ஹட்டனிலேயே பிறந்து வளர்ந்தாலும் உனக்கு அந்தக் கல்லூரி மலைமேல் தெரிகிற சிவப்புத் தகரக் கூரை மட்டும்தான். பையன்களை உள்ளே விட மாட்டார்கள். எனக்கு அது பள்ளிக்கூடம் மட்டும் இல்லை, பெரிய பிள்ளையானதிலிருந்து உயர்தரப் பரீட்சை எழுதி முடிக்கும்வரை வீடு. திம்புள்ளப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்த ஒரு பிள்ளை டீச்சராகி, டவுனில் துணிக்கடை வைத்திருக்கிற குடும்பத்துக்கு மருமகளாக வந்து உன்னைப் பெற்றதெல்லாம் அந்தக் கல்லூரி விடுதியில் கிடந்து படித்ததால் நடந்தது. இப்போது மேலிடத்தில் ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள். பெண்கள் கல்லூரியைக் கீழே இருக்கிற ஆண்கள் கல்லூரியோடு சேர்த்துவிடுவது. விடுதியை மூடிவிடுவது. மலைமேல் இருக்கிற கட்டடங்களை, வெள்ளைக்காரர்களுக்கு ஹோட்டல் நடத்துகிற ஒரு கம்பெனிக்கு நீண்ட குத்தகைக்குக் கொடுத்துவிடுவது. கல்விக் கந்தோர் அதிகாரியாக அதை முன்னால் நின்று நடத்திக் கொடுக்கிற பொறுப்பு உன் மாமாவின் தலையில் விழுந்திருக்கிறது. நிச்சயதார்த்தத்தன்று அவருக்கும் தெரியாது, நமக்கும் தெரியாது.

செய்தி வந்ததும் பழைய மாணவிகள் எல்லோரும் கொதித்தெழுந்தோம். கொதித்தெழுந்தோம் என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வருகிறது. முதல் கூட்டத்தில் பாதி நேரம் என்ன பேசினோம் தெரியுமா? மறியலுக்கு என்ன சேலை கட்டுவது என்று. கல்லூரி நிறத்தில் எல்லோரும் ஒரே மாதிரி கட்ட வேண்டும் என்று ஒரு கட்சி, மழை நேரத்தில் வெள்ளையா என்று இன்னொரு கட்சி. சங்கத் தலைவி லீலா அக்கா அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஒவ்வொருத்தரா கைய ஒசத்திட்டுப் பேசுங்க" என்று ரூலரால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். மீதி நேரம் முழுக்க மண்டபத்தைப் பற்றிப் பேச்சு. மண்டபத்து மேடை, பழைய பியானோ, மாணவத் தலைவிகளின் பெயர் எழுதின பலகை. பலகையில் லீலா அக்காவின் பெயர் இருக்கிறது. என் பெயரும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். விடுதியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. வந்திருந்தவர்களில் பலர் டவுன் பிள்ளைகள், மத்தியானம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்து படித்தவர்கள். விடுதியில் கிடந்த நானும் வாய் திறக்கவில்லை. சேலை நம் கடையில் எடுப்பது என்று முடிவானதில் அப்பாவுக்குத்தான் சந்தோஷம்.

அந்த முதல் மறியலின் படத்தை நீ பார்த்திருப்பாய், யாரோ ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டார்கள். படத்தில் நாங்கள் மதிலோரமாக வரிசையாக நிற்கிறோம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. நடந்தது என்ன தெரியுமா? உன் மாமாவின் வண்டி உள்ளே போயிருந்தது. அது திரும்பி வரும்போது விடக்கூடாது என்று கேட்டை அடைத்துக்கொண்டு கோஷம் போட்டோம். நன்றாகத்தான் போட்டோம். அந்த நேரம் பார்த்து உள்ளே இடைவேளை முடிந்ததற்கு மணி அடித்தார்கள். அவ்வளவுதான், ஒருத்திக்கும் வாய் எழும்பவில்லை. லீலா அக்கா பாதிச் சொல்லில் நிறுத்தினார். யாரும் யாருக்கும் சொல்லாமலே, கட்டையானவர்கள் முன்னால், நெட்டையானவர்கள் பின்னால் என்று மதிலோரமாகப் போய் வரிசையில் நின்றுவிட்டோம். பேரப்பிள்ளை எடுத்த பொம்பளைகள், மகன். பாங்கில் மனேஜராக இருக்கிறவளும் அதில் ஒருத்தி. கேட் வெறிச்சென்று கிடந்தது. உன் மாமா வண்டிக் கண்ணாடியை இறக்கி, எங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, ஆற அமரப் போனார். மேல்மாடி ஜன்னலில் நின்ற பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் அப்பா, "வாங்க வாங்க, லைன்ல நின்னு களைச்சுப் போயிருப்பீங்க" என்றார். நான் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டேன். கோபம் அவர்மேல் இல்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. நல்ல பிள்ளைகள் என்று பேர் வாங்கியே பழகிவிட்டோம். யாராவது மணியை ஆட்டினால் ஒதுங்கி வழிவிடுவது எங்கள் உடம்பில் ஊறிக் கிடக்கிறது. இத்தனை வயதுக்குப் பிறகு, ரோட்டில் வைத்து, ஊர் பார்க்க அது தெரிய வந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு உன் மாமா வீட்டுக்கு வந்தார். திராட்சையும் ஆப்பிளும் கொண்டு வந்தார். மண்டபம், சமையல்காரர், மணவறை எல்லாம் பேசி முடித்துவிட்டு, டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "தங்கச்சி, நானும் லயத்துல பொறந்தவன்தான். ஒங்களுக்குத் தெரியாதது இல்ல. மேல அந்த ஸ்கூல்ல கணக்குக்கு டீச்சர் இல்ல, சயன்ஸுக்கு ஆள் இல்ல, கூரை ஒழுகுது. கீழ சேர்த்துட்டா ரெண்டு பக்கத்துப் பிள்ளைங்களுக்கும் ஆள் கெடைக்கும். நான் என்னா, என் வீட்டுக்கா தூக்கிட்டுப் போறேன்?"

"ஹொஸ்டல் பிள்ளைங்க என்னா செய்வாங்க அண்ணே?" என்று கேட்டேன்.

"தோட்டத்துப் பக்கம் பஸ் விடச் சொல்லி எழுதியிருக்கேன்" என்றார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "கல்யாணம் முடியிற வரைக்கும் நீங்க கொஞ்சம் ஒதுங்கி இருங்களேன். சம்பந்தி வண்டிய சம்பந்தியே மறிச்சான்னு நம்ம சனம் வாய்க்கு வந்தபடி பேசும். எம் மக தர்ஷினிக்கும் சங்கடம்" என்றார்.

"சரிங்கண்ணே" என்றேன். அவர் கெட்டவர் இல்லை, மகன். அவர் சொன்னதில் பாதி உண்மை. கூரை ஒழுகுகிறது, கணக்கு டீச்சரும் இல்லை. அவர் மரியாதையாகக் கேட்டார், நான் மரியாதையாகத் தலையாட்டினேன். அன்று மாலையே நீயும் கொழும்பிலிருந்து கூப்பிட்டு, "இந்த நேரத்துல ஒங்களுக்கு ஏம்மா இதெல்லாம்? வயசான காலத்துல பேசாம இருங்களேன்" என்றாய். மாமா சொல்லிச் சொன்னாயா, நீயாகச் சொன்னாயா என்று நான் கேட்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கு லீலா அக்கா கூப்பிட்டபோது காய்ச்சல் என்றேன். அதற்கு அடுத்ததுக்கும் காய்ச்சல். லீலா அக்கா ஆளை விட்டு ரசம் கொடுத்து அனுப்பினார். அந்த ரசத்தை ஒரு வாய் குடிக்க என்னால் முடியவில்லை, அப்பாதான் குடித்தார். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இருந்தது, ஒன்றிரண்டு நாள். பிறகு பல்லிடுக்கில் ஏதோ மாட்டிக்கொண்ட மாதிரி, எந்த வேலையில் இருந்தாலும் நாக்கு அங்கேயே போய்க்கொண்டிருந்தது.

(எழுந்து போய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தேன். மழை பிடித்துவிட்டது. நாளைக்கும் பெய்யும் போல.)

போன வாரம் கடைக்குச் சரோஜா வந்தாள். உனக்கு அவளைத் தெரியாது. அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். தீபாவளிக்குத் துணி எடுக்க வருவாள், மற்ற நேரம் வர மாட்டாள். அன்று மகளுக்கு இரண்டு சல்வார் வேண்டுமென்றாள். மகள் விடுதியில் தங்கி உயர்தரம் படிக்கிற பிள்ளை, கெட்டிக்காரி. சல்வார் என்னத்துக்கு, ஸ்கூல் உடுப்புத்தானே எடுப்பாய் என்றேன். "இல்லைங்க டீச்சர், கொழும்புல ஒரு வீட்டுல பிள்ளயப் பார்த்துக்க ஆள் கேட்டிருக்காங்க. ஹொஸ்டல மூடப் போறாங்கதானே, அங்கயாச்சும் போகட்டும்னு அவங்க அப்பா சொல்லிட்டாரு. நீலக் கலரு இருக்குங்களா, சாயம் போகாததா?" என்றாள்.

மூடுவதென்று இன்னும் முடிவாகவில்லை, பஸ் விடுவதாகச் சொல்கிறார்கள், கீழே சேர்த்துப் படிக்க வைக்கலாமே என்று நான் ஏதேதோ சொன்னேன். அவள் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "எங்க பக்கம் ரோடே இல்லைங்களே டீச்சர், பஸ் எங்க வரும்? எறங்கி நடக்கணும், இருட்டிப் போயிரும். அதோட பையன்ங்க ஸ்கூலுன்னா அவரு சம்மதிக்க மாட்டாரு." அவள் குறை சொல்லவில்லை, அழவில்லை. நீலத்தில் ஒன்றும் பச்சையில் ஒன்றும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள். நாங்கள் பலகைக்கும் பியானோவுக்கும் போராடிக்கொண்டிருந்தோம். விடுதி மூடுவதற்கு முன்னாலேயே அங்கே பிள்ளைகள் குறைய ஆரம்பித்துவிட்டார்கள்.

பையன்களோடு சேர்ந்து படித்தால் என்ன கெட்டுவிடும் என்று நீ கேட்பாய். ஒன்றும் கெடாது. உனக்கு ஒரு தங்கச்சி இருந்திருந்தால் நானே கீழே சேர்த்திருப்பேன். ஆனால் அதைச் சரோஜாவின் புருஷனிடம் போய் நீ சொல்லிப் பார். என் அப்பா கதையை உனக்குச் சொன்னதே இல்லை, இப்போது சொல்கிறேன். நான் பெரிய பிள்ளையானபோது லயத்தில் சடங்கு செய்து தண்ணீர் ஊற்றினார்கள். சடங்குக்கு வந்த சனமெல்லாம், படித்தது போதும், தோட்டத்து வேலைக்குப் பேர் பதிந்துவிடு என்று அப்பாவிடம் சொன்னது. அவர் ஒருநாள் காலையில் என் தகரப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறத் தலவாக்கலைக்கு நடந்தார், நான் பின்னால் ஓடினேன். ஹட்டனில் பஸ்ஸை விட்டு இறங்கி மேலே ஏறி வந்ததும், என்னைப் பார்க்கவில்லை, கல்லூரியைப் பார்க்கவில்லை, மதிலைப் பார்த்தார். அதன் உச்சியில் பதித்திருந்த போத்தல் கண்ணாடிகளைப் பார்த்தார். கையால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வாசலில் நின்ற வாட்சரிடம், "ஏறிக் குதிக்க முடியாதுல்ல?" என்று கேட்டார்.

"ஏணி வச்சாலும் முடியாது" என்றார் வாட்சர்.

அதற்குப் பிறகுதான் பெட்டியை இறக்கி வைத்தார். என் அப்பா என்னைப் படிப்பைப் பார்த்து அனுப்பவில்லை, மதிலைப் பார்த்து அனுப்பினார். உள்ளே இருந்த நாங்கள் அந்த மதிலை எவ்வளவு திட்டியிருப்போம். ஜெயில் என்போம், கோழிக்கூடு என்போம். ஆனால் அந்த மதில் இருந்ததால்தான் அதற்குள் உட்கார்ந்து நான் உலகத்தைப் படித்தேன். இது நியாயமான ஏற்பாடு என்று நான் சொல்ல வரவில்லை. மதில் வேண்டாத அப்பாக்கள் வரட்டும், அன்று நானே கடப்பாரை எடுத்துக்கொண்டு வருகிறேன். அதுவரைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு வேறு வாசல் இல்லை. லீலா அக்காவிடம் போய்க் காய்ச்சல் பொய் என்று சொன்னேன். "தெரியும்டி, காய்ச்சக்காரி கடையில நின்னு சேல மடிப்பாளா?" என்றார். மண்டபத்தை விட்டுவிடுவோம், விடுதியைப் பிடிப்போம் என்றேன். ஒரு பெரிய சண்டை நடந்து, கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். நாளைக் காலை கம்பெனிக்காரர்கள் விடுதியை அளக்க வருகிறார்கள். உன் மாமா அழைத்து வருகிறார். நிற்கப் போவதில்லை, நின்றால் நாங்கள் வரிசைக்குப் போய்விடுவோம். உட்காரப் போகிறோம்.

உனக்கு ஞாபகம் இருக்குமோ தெரியாது. உன் சித்தப்பா கல்யாணத்தில், தோட்டத்திலிருந்து வந்த என் பக்கத்துச் சனத்தை முதல் பந்தியில் உட்கார விடவில்லை. கடைக்காரர்கள் சாப்பிட்ட பிறகு பார்க்கலாம் என்று வெளியே நிறுத்திவிட்டார்கள். நான் பட்டுச்சேலையைக் கட்டிக்கொண்டு, பார்த்தும் பார்க்காத மாதிரி சாம்பார் வாளி தூக்கிக்கொண்டிருந்தேன். உனக்கு ஏழு வயது இருக்கும். உன் இலையில் பரிமாறிய சோற்றை அப்படியே இலையோடு தூக்கிக்கொண்டு, வழியெல்லாம் பருப்பு ஒழுக ஒழுக வெளியே போய், என் அப்பா பக்கத்தில் வாங்குப் பலகையில் உட்கார்ந்துகொண்டாய். உன் பெரியம்மா உன்னைத் திட்டினார், நீ பாட்டுக்குச் சாப்பிட்டாய். அன்று எனக்கு அடக்க முடியாத பெருமை. யாருக்கும் காட்டிக்கொள்ளாமல் அடுப்படிக்குப் போய் அழுதேன். அந்தப் பிள்ளை எங்கேயோ கொழும்பில் ஒரு ஏசி அறையில் இன்னும் இருக்கிறான் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

தர்ஷினியைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அவளும் அந்தக் கல்லூரியில் படித்தவள்தான். பழைய மாணவிகளின் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறாள், எல்லாவற்றையும் பார்க்கிறாள், ஒன்றும் எழுதுவதில்லை. நான் அவளை எதற்கும் கூப்பிடவில்லை. ஒரு பக்கம் பெற்ற அப்பா, ஒரு பக்கம் வரப்போகிற மாமியார். அவள் என்ன செய்தாலும் யாரோ ஒருவர் முகம் சுருங்கும். அவள் பேசினால் கேள், பேசாவிட்டால் பேசு என்று அரிக்காதே. உன் அப்பா இந்தக் கல்யாண வாழ்க்கையில் என்னைக் கேலி செய்யாத நாளில்லை, ஆனால் ஒருநாள் கூட என் வாயைப் பொத்தினதில்லை. அதனால்தான் அவர் கேலியை என்னால் பொறுக்க முடிகிறது. அப்பா கீழே இருந்து கூப்பிடுகிறார். மிச்சத்தை வந்து எழுதுகிறேன்.

*

நேற்று விட்ட இடத்திலிருந்து எழுதுகிறேன்.

காலையில் போய் உட்கார்ந்தோம். ஒரே நிறத்துச் சேலை எல்லாம் இல்லை. ஸ்வெட்டரும் குடையுமாக, நம் கடையில் துணி வந்த சாக்குகளை ரோட்டில் விரித்து உட்கார்ந்தோம். லீலா அக்காவை இரண்டு பேர் பிடித்து உட்கார வைக்க வேண்டியிருந்தது. "இனி என்னயத் தூக்கவும் ரெண்டு பேர் வேணும், பொலிசுக்குத்தான் கஷ்டம்" என்றார். பொலிஸ்காரர் ஒருவர் வந்து, "நோனா, பார அரின்ன" என்று மரியாதையாகத்தான் வழியை விடச் சொன்னார். ஹொஸ்டலை மூட மாட்டோம் என்று சொல்லட்டும், விடுகிறோம் என்று லீலா அக்கா சிங்களத்தில் சொன்னார். அவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டார். பிறகு உன் மாமாவின் வண்டி வந்தது. பின்னால் கம்பெனிக்காரர்களின் வண்டி. மாமாவின் பக்கத்தில் முன் சீட்டில் தர்ஷினி இருந்தாள், நர்ஸ் உடுப்போடு. காலையில் அவளை டிக்கோயா ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுத்தான் அவர் வேலைக்குப் போவார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அவர் இறங்கி நேராக என்னிடம் வந்தார். "எந்திரிங்க தங்கச்சி" என்று யாருக்கும் கேட்காத மாதிரி சொன்னார்.

"மாட்டேன் அண்ணே."

"அன்னைக்குச் சரின்னீங்க."

"சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. பஸ்ஸுக்கு எழுதினேன்னீங்களே, பதில் வந்துச்சுங்களா?"

அவர் திரும்பித் தன் வண்டியைப் பார்த்தார். சுற்றி எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், பின்னால் கம்பெனிக்காரன் ஹாரன் அடித்தான். அந்தச் சூட்டில்தான் அவருக்குக் குரல் உயர்ந்தது என்று நினைக்கிறேன். "ஒங்க வீட்டுக்குப் பொண்ணு குடுக்கிறதா வேணாமான்னு என்னய யோசிக்க வச்சுறாதீங்க" என்றார். பொய் சொல்ல மாட்டேன், மகன், நான் எழுந்திருக்கக் கையை ஊன்றிவிட்டேன். உன் முகம் வந்து நின்றது. நிச்சயதார்த்தத்தன்று நீ அவள் பக்கத்தில் நின்று சிரித்த சிரிப்பு வந்து நின்றது. விடுதியாவது மண்ணாவது என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

அப்போது வண்டிக் கதவு திறந்தது. தர்ஷினி பையைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினாள். வந்து எங்களோடு உட்காரப் போகிறாள் என்று லீலா அக்கா நகர்ந்து இடம்கூட விட்டார். அவள் உட்காரவில்லை. "அப்பா, நான் பஸ்ல போறேன்" என்றாள்.

"ஏறு வண்டியில."

"அத்தைய எழுப்பிட்டுப் போற வண்டியில நான் இருக்க மாட்டேன்" என்றாள். சத்தம் போடவில்லை. மருந்து எத்தனை வேளை குடிக்க வேண்டும் என்று நோயாளிக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். எங்களைச் சுற்றிக்கொண்டு போகும்போது என் பக்கம் குனிந்து, "ஈரச் சாக்குல ரொம்ப நேரம் இருக்காதீங்க அத்தை, இடுப்புப் பிடிச்சுக்கும்" என்றாள். டியூட்டிக்கு நேரமாகிறது என்று மழையில் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டாள். உன் மாமா அவள் போவதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்க்காமல் வண்டியில் ஏறித் திருப்பினார். பின்னால் வந்த வண்டியும் திரும்பியது. இதை வெற்றி என்று நினைத்துவிடாதே. இன்றைக்கு அளக்கவில்லை, அவ்வளவுதான். அடுத்த வாரம் வருவார்கள், நாங்களும் வருவோம்.

மத்தியானம் உன் மாமாவின் தம்பி கடைக்கு வந்தார். நான் அவர்கள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டு, இனி அந்தப் பக்கம் போக மாட்டேன் என்று சொன்னால் குறித்த நாளில் கல்யாணம். இல்லையென்றால் பார்க்கலாம் என்றார். பார்க்கலாம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். அப்பா இன்று முழுக்க ஒரு கேலியும் செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நீ போய்க் கேக்கிறதுன்னாலும் சரி, கேக்காததுன்னாலும் சரி, நான் ஓம் பக்கந்தான்" என்றார். "ஆனா ஒருத்தர்கிட்டயும் கேக்காம முடிவெடுக்காத."

யாரிடம் கேட்பது? சாயங்காலம் டியூட்டி முடிந்து தர்ஷினியே வந்தாள். உடுப்பு மாற்றாமல், முகமெல்லாம் களைத்துப்போய் வந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன். "ஒனக்காக நான் போய்க் கேட்டுர்றேன், மகள். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்த்துக்குவோம்" என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

"எனக்காகக் கேட்டீங்கன்னா, அந்தக் கல்யாணம் எனக்கு வேணாம் அத்தை" என்றாள்.

உன்னிடம் பேசினாளா என்று கேட்டேன். கோப்பையைக் கையில் சுற்றிக்கொண்டே சொன்னாள். முந்தின நாளே உன்னைக் கூப்பிட்டிருக்கிறாள். அத்தை நாளைக்கு உட்காரப் போகிறாராம், அப்பா வண்டியில் என்னால் இருக்க முடியாது, என்ன செய்யட்டும் என்று உன்னைக் கேட்டிருக்கிறாள். "அவரு என்னா சொன்னாருன்னு கேக்காதீங்க அத்தை" என்றாள். கேட்காமல் விடுவேனா. "'அம்மாதான் அப்படின்னா, நீயாச்சும் வாய மூடிக்கிட்டு இரு'ன்னாரு. நான் போன வச்சிட்டேன்" என்றாள். பிறகு அவள் திரும்பக் கூப்பிட்டும் நீ எடுக்கவில்லையாம். நான் மேலே உட்கார்ந்து உனக்குப் புத்தி சொல்லி எழுதிக்கொண்டிருந்த அன்றே நீ இதைச் சொல்லி முடித்திருக்கிறாய். எனக்கு உன்மேல் வந்த கோபத்தை எழுதினால் தாள் போதாது. அவள் அழவில்லை. டீயைக் குடித்து முடித்து, கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் போக வேண்டும் என்று இறங்கிப் போனாள்.

நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. கல்யாணம் நடக்குமா என்று எனக்குத் தெரியாது. உன் மாமாவின் கையில் அது இல்லை, என் கையிலும் இல்லை. கொழும்புக்குத் துணி எடுக்கப் போகிற வேனில் இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடுகிறேன். வாசித்த கையோடு என்னைக் கூப்பிட்டுச் சண்டை பிடிக்க உனக்கு வரும். அதற்கு அவசரமில்லை, மெதுவாகப் பிடிக்கலாம். நான் உன் அம்மா, உன்னை விட்டு எங்கேயும் போக என்னால் முடியாது. அவளால் முடியும். முதலில் அவளைக் கூப்பிடு.

அம்மா